மலாக்கா கண்ணாடி போட்ட ஜன்னல்

அறுபதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களும் மட்டும் இதைப் படித்தால் போதும். இளையவர்கள் படித்தால் வேண்டாமென்று சொல்லமாட்டேன். ஆனால் நாக்கோ ஜன்னல் என்றால் என்ன, பக்கத்துக் கம்பியைத் தள்ளினால் கண்ணாடிப் பட்டைகள் எப்படி எல்லாம் ஒரே நேரத்தில் சாயும், மழை நாளில் எந்தப் பட்டை வழியாகச் சாரல் உள்ளே வரும் என்பதையெல்லாம் உட்கார்ந்து விளக்க எனக்குப் பொறுமை இல்லை. உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் அந்தப் பட்டைகளைப் பழைய பேப்பரால் துடைத்து விரலை அறுத்துக்கொண்டவர்கள்தான்.

போன மாதம் பூச்சோங்கில் என் மகள் வாங்கியிருக்கும் கொண்டோ வீட்டைப் பார்க்க ஒரு டிசைனர் பெண் வந்தாள். கையில் டேப்லெட், காலில் வெள்ளைச் சப்பாத்து. “ஆன்டி, நீங்க எல்லாரும் போன டிரிப்ல எந்த இடம் ரொம்பப் பிடிச்சது சொல்லுங்க, அந்த ஃபீலை அப்படியே வீட்டுக்குள்ள கொண்டாந்துரலாம்” என்றாள். மகளும் மருமகனும் போட்டி போட்டுக்கொண்டு அடுக்கினார்கள். பாலியில் பார்த்த குளியலறை, கிரீஸில் பார்த்த வெள்ளைச் சுவர், ஜப்பானில் பார்த்த மரத்தட்டி. அந்தத் தட்டியை எனக்கென்று ஒதுக்கிய அறையின் ஜன்னலுக்கு வைத்துவிடலாம், வெளியே கார் நிறுத்துமிடம்தானே தெரிகிறது, அசிங்கமாக இருக்கிறது என்றாள் அந்தப் பெண். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “அந்த ரூம்ல படுக்கப்போறவங்கள ஒரு வார்த்தை கேட்டியா?” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. “அம்மா, ஆரம்பிக்காதீங்க லா” என்றாள் மகள். எல்லாருக்கும் முகம் சுண்டிப் போய்விட்டது.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவள் சொன்ன அதே வார்த்தையை ஐம்பது வருடத்துக்கு முன்னால் என் அப்பா சொல்லியிருக்கிறார். ஊரையே வீட்டுக்குள் கொண்டுவருகிறேன் என்று சொல்லி, கொண்டுவந்தும் காட்டினார். அந்தப் பள்ளி விடுமுறையைப் பற்றி நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

அப்போது நாங்கள் கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தோம். வரிசை வீடு. இருபதடி ரோட்டுக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு வீடு, அந்தப் பக்கம் பன்னிரண்டு வீடு. அப்பா சுற்றுலா பஸ் ஓட்டினார். கேமரன்மலை, பினாங்கு, மலாக்கா, கோத்தா பாரு என்று மாதத்தில் பாதி நாள் வெளியில்தான் இருப்பார். பயணிகள் இறங்கி ஊர் சுற்றும் நேரத்தில் மற்ற டிரைவர்கள் பஸ்ஸுக்குள் கால் நீட்டித் தூங்குவார்கள். அப்பாவுக்கு அது பிடிக்காது. அவர் தெருத்தெருவாக நடந்து வீடுகளைப் பார்ப்பார். கோயிலும் கோட்டையும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. யார் வீட்டுக் கதவு எப்படி இருக்கிறது, படிக்கட்டுக்கு என்ன கல் போட்டிருக்கிறார்கள், அதுதான் அவருக்குக் காட்சி. சட்டைப் பையில் ஒரு சின்ன 555 நோட்டு இருக்கும். நம் வீடுகளில் அதில் மளிகைக்கடைப் பாக்கி எழுதுவார்கள். அப்பா அதில் ஜன்னல் வரைவார்.

அம்மா அந்த பஸ்ஸில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. சீட்டெல்லாம் பஸ் முதலாளி தௌக்கே விற்றுவிடுவார். “அடுத்த ஸ்கூல் லீவுக்குப் பாக்கலாம்” என்று அப்பா சொல்வார். பள்ளி விடுமுறையில்தான் பஸ்ஸில் ஈ நுழைய இடம் இருக்காது என்பது இருவருக்கும் தெரியும். அப்படியே பத்து வருடம் போனது.

எனக்குப் பத்து வயதான வருடம், தீபாவளிக்கு முன்பே அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்ததில் இருதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்றார்கள். உப்புக் கூடாது, எடை தூக்கக் கூடாது, தூரப் பயணம் கூடவே கூடாது, வீட்டுக்குள்ளும் அதிகம் நடக்கக் கூடாது. டாக்சியில் திரும்பி வந்தோம். வாசலில் இறங்கியதும் அப்பா, “எத்தனையோ நூறு பேரக் கேமரன்மலைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன். உன்ன ஒரு நாளு கூட்டிட்டுப் போகலையே” என்றார்.

“அதுக்கென்ன இப்ப. அடுத்த ஸ்கூல் லீவுக்குப் பாக்கலாம்” என்றாள் அம்மா.

கிண்டலாகச் சொன்னாளா, ஆறுதலாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா, “நீ போக முடியாட்டி என்னா? ஊரையே இங்க கொண்டாரேன் பாரு” என்றார்.

வாய்ப்பேச்சு என்றுதான் நினைத்தோம். அடுத்த வாரம் பஸ்ஸின் சாமான் அறையிலிருந்து எட்டுப் பூக்கல் இறங்கியது. பினாங்கில் ஒரு பழைய வீட்டுத் தரையிலிருந்து பெயர்த்தது, நீலமும் மஞ்சளும். எட்டு மட்டும்தான் கிடைத்ததாம். அதை வாசற்படியில் அவரே சிமெண்டு குழைத்துப் பதித்தார். கோத்தா பாருவிலிருந்து கொடி செதுக்கிய ஒரு பலகை வந்து சமையலறைக் கதவுக்கு மேலே ஏறியது. அதற்கடுத்து நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். கேமரன்மலையில் வெள்ளைக்காரன் பங்களாவில் குளிர்காயும் அடுப்பு ஒன்றைப் பார்த்திருக்கிறார். கிள்ளான் வெயிலில் எங்கள் கூடத்தில் செங்கல் வைத்து அதே மாதிரி ஒன்று கட்டினார். உள்ளே நெருப்புக்குப் பதில் ஒரு பல்பு, அதன்மேல் சிவப்புக் காகிதம். அத்தை இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அதற்குள் வெங்காயக் கூடையை வைத்தார்.

அத்தை அப்பாவின் அக்கா. பிரிக்பீல்ட்ஸில் மகனோடு இருந்தவர், அம்மாவுக்கு முடியவில்லை என்றதும் பெட்டியோடு வந்துவிட்டார். சமையல், துவைப்பு, அம்மாவைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவர்தான். கைகால் சுறுசுறுப்பு, வாயும் அப்படித்தான். “எந்தப் புருஷன் இப்படிச் செய்வான்? என் தம்பி மாதிரி ஒருத்தனக் காட்டு பாப்போம்” என்று தினம் ஒரு தடவையாவது சொல்வார். அம்மா சிரித்துக்கொள்வாள். அடுப்பைப் பார்த்து அவள் நிஜமாகவே சிரித்தாள். மூச்சு வாங்கும் அளவுக்குச் சிரித்ததில் அப்பா பயந்து போய் முதுகைத் தடவிவிட்டார். எங்கள் வீட்டில் கடைசியாகக் கேட்ட பெரிய சிரிப்பு அதுதான்.

அம்மாவின் கட்டிலைப் பின்னறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். காற்று வரும் என்பதற்காக. நாக்கோ பட்டைகளைப் படுக்கை வசமாகச் சாய்த்தால், தலையணையில் தலை வைத்தபடியே ரோடு முழுக்கத் தெரியும். நானும் பக்கத்தில் படுத்துப் பார்த்திருக்கிறேன். காலையில் பள்ளிப் பிள்ளைகள், பிறகு மீன்காரர் மோட்டார், பத்து மணிக்கு ரொட்டிக்காரர், மத்தியானம் யாருமில்லாத ரோட்டில் ஒரு நாய், சாயங்காலம் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கும் பெண்கள். எதிர்வீட்டு ஆன்டி துணி காயப்போடும்போது அம்மா கையைத் தூக்குவாள். ஆன்டி சோற்றைப் பிசைந்து வாயில் போடுவதுபோல் சாடை காட்டிச் சாப்பிட்டாயா என்று கேட்பார். அம்மா தலையை ஆட்டுவாள். சில நாள் ஆன்டி வாளியை அப்படியே போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றபடி அரை மணி நேரம் பேசுவார்.

கோடி வீட்டுப் பெண் யாரையோ விரும்புகிறாள் என்று அந்த ரோட்டில் முதலில் கண்டுபிடித்தது என் அம்மாதான். “அவ பஸ்ஸுக்கு நிக்கல பாப்பா. பஸ்ஸு வந்தும் ஏறல பாரு” என்றாள். அடுத்த மாதம் ஊருக்கே தெரிந்தது. பள்ளிவிட்டு நான் வந்ததும், காலையிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்வாள். அப்பாவுக்கு எத்தனையோ ஊர் இருந்தது. அம்மாவுக்கு அந்த இருபதடி ரோடுதான் இருந்தது. இது எனக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவளோடு அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

டிசம்பரில் அப்பா மலாக்காவுக்குப் போய்வந்தார். அங்கே ஒரு பழைய நீள வீட்டில் தண்ணீர் கேட்டு உள்ளே போயிருக்கிறார். ஜன்னலில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கட்டம் கட்டமாகக் கண்ணாடி. பிரம்பு நாற்காலியில் வயதான ஒரு சீனத்து அம்மாள் சாய்ந்திருக்கிறாள், அவள் வெள்ளைச் சட்டை முழுக்க வர்ணம். “சாமி மாதிரி இருந்துச்சு அந்தம்மா” என்று அத்தையிடம் சொன்னார். சொல்லும்போதே கண் கலங்கியிருந்தது. அதே தெருவில் இடித்துக்கொண்டிருந்த ஒரு வீட்டிலிருந்து அதேபோல ஜன்னல் ஒன்றை வாங்கி, பயணிகளின் கம்பளியில் சுற்றி பஸ்ஸிலேயே கொண்டுவந்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலையில் அவருக்குத் தெரிந்த சீனத் தச்சர் வந்தார். அம்மாவைச் சமையலறையில் உட்காரவைத்து, கூடத்துப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நாக்கோ பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, பேப்பரில் சுற்றித் தொட்டிக்கு அடியில் வைத்தார்கள். அவை பிறகு எங்கே போயின என்று தெரியவில்லை. மலாக்கா ஜன்னலின் கீல் எல்லாம் துருப்பிடித்து இற்றுப் போயிருந்ததால் தச்சர் அதைச் சட்டத்தோடு சட்டமாக வைத்து ஆணி அடித்துவிட்டார். காற்றுக்கு மேலே இரண்டு துவாரம் விட்டார்கள். புதிதாக ஒரு மேசை விசிறியும் வந்தது.

நாலரை மணிக்கு, வெயில் மேற்கே இறங்கும் நேரம் பார்த்து, அப்பா அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து கட்டிலில் படுக்கவைத்தார். வெள்ளைப் போர்வை முழுக்கச் சிவப்பும் பச்சையும் விழுந்தது. அம்மாவின் கன்னத்தில் ஒரு மஞ்சள் கட்டம். அத்தை மூக்கின்மேல் விரல் வைத்தார். எனக்கோ தலைகால் புரியவில்லை. என் இரண்டு கையையும் வெளிச்சத்தில் நீட்டி நீட்டிப் பார்த்தேன். ஒரு கை சிவப்பு, ஒரு கை பச்சை.

“எப்படி இருக்கு?” என்றார் அப்பா.

“அழகா இருக்குங்க” என்றாள் அம்மா. கையை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டு, “தொறக்குமா?” என்று கேட்டாள்.

“எதுக்குத் தொறக்கணும்? இனிமே தூசி வராது, கொசு வராது. கொசுவர்த்திப் புகையே உனக்கு ஆகாதுல்ல?” என்றார் அப்பா.

அம்மா தலையை ஆட்டினாள். அந்தக் கண்ணாடி தடியானது, மேலே பூவேலை வேறு. வெளியே யாராவது போனால் ஒரு நிழல் அசைவது தெரியும், ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாது. வாசற்கதவு அவள் தலைமாட்டுப் பக்கம் இருந்தது. கள்ளனுக்கும் நாய்க்கும் பயந்து அத்தை அதைச் சாத்தியே வைத்திருப்பார்.

அந்த வாரத்தில் என் தோழிகள் கூட்டம் கூட்டமாக ஜன்னல் பார்க்க வந்தார்கள். நான்தான் ராணி. யார் எந்தக் கட்டத்தில் நிற்க வேண்டும் என்று நான்தான் சொல்வேன். எதிர்வீட்டு ஆன்டி ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, “பங்களா மாதிரி ஆயிருச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் வருவது குறைந்தது. ஜன்னலை அடைத்ததை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். நோயாளியை யாரும் பார்க்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் நினைக்கிறார் போல, நாம் ஏன் தொந்தரவு கொடுக்க வேண்டும் என்று ஒதுங்கிவிட்டாராம். அவரே எனக்குக் கல்யாணமான பிறகு சொன்னார்.

அம்மா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்க ஆரம்பித்தாள். “இவ்வளவு செஞ்சும் மூஞ்சியப் பாரு” என்று அத்தை சமையலறையில் முணுமுணுத்தார். எனக்கும் அம்மாமேல் கொஞ்சம் கோபம் வந்தது என்பதை உங்களிடம் மறைக்கவில்லை.

ஒரு மத்தியானம், அத்தை கடைக்குப் போயிருந்தபோது, அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“பாப்பா, அப்பா வந்ததும் நீ ஒண்ணு கேக்கணும். அந்தக் கண்ணாடியில கீழ் வரிசை மட்டும், ஒரே ஒரு கட்டத்த எடுத்துவிடச் சொல்றியா? ரோடு தெரிஞ்சாப் போதும். அம்மா சொன்னேன்னு சொல்லாத. நீயா கேக்குற மாதிரிக் கேளு. நீ கேட்டாச் செய்வாரு.”

நம் வீடுகளில் இது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவிடம் எது வேண்டுமானாலும் கடைக்குட்டி வழியாகத்தான் போகும். பள்ளிக்கூடச் சப்பாத்து, தீபாவளித் துணி, தாய்மாமன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகலாமா வேண்டாமா, எல்லாம். அம்மா நேராகக் கேட்டால் அது சண்டையாகிவிடும் அல்லது குறை சொன்னதாகிவிடும். பிள்ளை கேட்டால் யாருக்கும் மானக்கேடு இல்லை. நான் ஒற்றைப் பிள்ளை, அதனால் அந்த வேலை எப்போதும் எனக்குத்தான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அன்று சாயங்காலம் அப்பா வந்தார். மூன்று நாள் பினாங்குப் பயணம், சட்டையெல்லாம் டீசல் வாடை. கை கழுவப் பின்கட்டுக்குப் போனவரிடம் நானும் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே குனிந்து, ரகசியம் பேசுவதுபோல், “அம்மா ஜன்னலப் பத்தி என்ன சொல்றா பாப்பா? பிடிச்சிருக்கா?” என்றார்.

அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படிக் கேட்பது என்று நினைத்துக்கொண்டேன் என்று சொன்னால், அது பாதிதான் உண்மை. மறுநாள் என் வகுப்புத் தோழிகள் மூன்று பேர் பார்க்க வருவதாக இருந்தது. கீழ் வரிசையில் ஒரு கட்டம் ஓட்டையாக இருந்தால் அசிங்கமாக இருக்கும். அந்தக் கீழ் வரிசையில்தான் சிவப்பு இருந்தது.

“ரொம்பப் பிடிச்சிருக்காம்ப்பா” என்றேன்.

அவர் என் தலையில் ஈரக் கையை வைத்து அழுத்தினார். நான் கூடத்துக்கு வந்தேன். அம்மா தலையணையிலிருந்து கொஞ்சம் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“கேட்டியா?”

“கேட்டேன். முடியாதுன்னுட்டாரு. ஆணி அடிச்சாச்சாம்.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, “சரி விடு. ஆசையாச் செஞ்சிருக்காரு” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். அப்பா முகம் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தபோது அவள் சிரித்தாள், சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். அவர் பினாங்கில் பார்த்த ஒரு மாடிப்படியைப் பற்றி வெகுநேரம் சொன்னார். அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு வேறு வேலை கொடுத்தாள். நான் வெளியே விளையாடிவிட்டு வந்தால், “ரோட்டுல யாரு யாரு பாப்பா?” என்று கேட்பாள். முதல் இரண்டு நாள் சொன்னேன். அதற்கப்புறம் எனக்கு அலுத்துவிட்டது. விளையாட்டு பாதியில் நிற்கும், தோழிகள் வாசலில் கூப்பிடுவார்கள். “யாருமில்லம்மா” என்று சொல்லிவிட்டு ஓடுவேன். கோடி வீட்டுப் பெண்ணை அவள் அப்பா அடித்து இழுத்துக்கொண்டு வந்த அன்றும் யாருமில்லை என்றுதான் சொன்னேன். ரோடே கூடி நின்ற அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் மறுபடி கேட்கவில்லை.

ஜனவரியில் பள்ளி திறந்த முதல் வாரம். காலை பத்தரை மணி இருக்கும், எதிர்வீட்டு ஆன்டியின் வீட்டுக்காரர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். ஆசிரியையிடம் ஏதோ சொன்னார். ஆசிரியை தானே என் புத்தகங்களைப் பையில் அடுக்கிக் கொடுத்தார். அவர் என்னை மோட்டாரின் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

நடந்தது இதுதான். அத்தை பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா தானாக எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, வாசற்கதவின் தாழ்ப்பாளை எடுத்து, பினாங்குப் பூக்கல் பதித்த படியில் உட்கார்ந்திருக்கிறாள். எதிர்வீட்டு ஆன்டி துணி காயப்போட வெளியே வந்தபோது அம்மா கையைத் தூக்கினாளாம். ஆன்டி வழக்கம்போலச் சாப்பிட்டாயா என்று சாடையில் கேட்டிருக்கிறார். அம்மா தலையை ஆட்டினாளாம். ஆன்டி வாளியைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் அம்மாவின் தலை கதவுச் சட்டத்தில் சாய்ந்துவிட்டது.

அப்பா கோத்தா பாருவில் இருந்தார். மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர்ந்தார். அம்மாவைக் கூடத்தில்தான் கிடத்தியிருந்தார்கள். நாலரை மணிக்கு வர்ணமெல்லாம் வழக்கம்போல வந்து அவள்மேல் விழுந்தது. பார்க்க வந்த பெண்கள் அதைப் பார்த்து இன்னும் அழுதார்கள். நான் எழுந்து சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

“ஏன் எந்திரிச்சா? எதுக்கு வாசலுக்குப் போனா?” என்று அப்பா ஒவ்வொருவரிடமும் கேட்டார். அத்தை தலையில் அடித்துக்கொண்டார். “தண்ணி கேட்டுக் கூப்பிட்டிருப்பா. பைப்புச் சத்தத்துல எனக்குக் கேக்காமப் போச்சு. நான் பாவி” என்றார். அத்தை அதை அப்படியே நம்பினார். சாகும்வரை பைப்பைத் திறந்துவிட்டு வேலை செய்யமாட்டார். வாளியில் பிடித்து மூடிவிட்டுத்தான் துவைப்பார், பாத்திரம் கழுவுவார். இருபத்து மூன்று வருடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாயைக் குறை சொல்கிற நான், என் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கருமாதி முடிந்து சாப்பிட உட்கார்ந்தவர்களிடம் அப்பா சொன்னார்: “கடைசி ஒரு மாசம் அவ ராணி மாதிரி இருந்தா. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்.” பாயாசம் பரிமாறிக்கொண்டு நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அதன்பிறகு அவர் வீட்டில் எதையும் மாற்றவில்லை. 555 நோட்டில் எதையும் வரைந்தும் நான் பார்த்ததில்லை. மறுமணம் பற்றி அத்தை பேசியபோதெல்லாம் எழுந்து போய்விடுவார். அந்த ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

நான் படித்தேன், கட்டிக்கொண்டு சுபாங் ஜெயாவுக்குப் போனேன், பிள்ளை பெற்றேன், ஓய்வும் பெற்றேன். நாலு வருடத்துக்கு முன்னால், எண்பத்திரண்டு வயதில், அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். எங்களோடு வந்து இருங்கள் என்றால் கேட்கவில்லை. கிள்ளான் வீட்டில்தான் இருப்பேன் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கட்டிலைக் கூடத்தில் ஜன்னலோரம் போட்டோம். வேறு இடம் இல்லை. நானும் பெட்டியோடு போய்த் தங்கினேன்.

முதல் நாள் வலி மருந்தில் தூங்கினார். இரண்டாம் நாள் காலை கோப்பி கொண்டுபோனபோது ஜன்னலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து நாற்பத்தேழு வருடம் அந்தக் கண்ணாடியைப் பார்த்தவர், அன்றுதான் முதல்முதலாக அதன் பக்கத்தில் படுத்திருந்தார்.

“பாப்பா, இங்கேர்ந்து ஒண்ணுமே தெரியலையே” என்றார்.

நான் கோப்பியை ஆற்றினேன்.

“வெளிய ஏதோ சத்தம் கேக்குது. யாரு வர்றா, யாரு போறா, ஒண்ணும் தெரியல.” விரலால் கண்ணாடியைத் தட்டினார். “இதக் கழட்டச் சொல்லு. இன்னைக்கே.”

ரோட்டு முனையில் வீடு பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்தேன். ஆணியெல்லாம் இற்றுப் போயிருந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஜன்னல் சுவரிலிருந்து கழன்று வந்துவிட்டது. ராத்திரிக்குப் பலகை வைக்கும்வரை வெறும் சதுரமாக வெளிச்சம் உள்ளே வந்தது. எதிர்வீட்டில் இப்போது வேறு குடும்பம், வாசலில் இரண்டு கார். பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை சைக்கிளில் போனது. பின்னால் யாரோ ஒருத்தி பாசாரிலிருந்து பையோடு நடந்து வந்தாள். அப்பா தலையணையிலிருந்து அசையாமல் அவளைக் கடைசி வீடுவரை பார்த்தார்.

“தொறக்குமான்னு உங்கம்மா கேட்டா பாப்பா” என்றார். “அன்னைக்கே கேட்டா. நான் கொசுவப் பத்திப் பேசினேன்.”

“விடுங்கப்பா.”

“அதுக்குத்தான் எந்திரிச்சு வாசலுக்குப் போயிருக்கா. ரோடு பாக்க.” என் கையைப் பிடித்தார். எலும்பும் தோலுமான கை, ஆனாலும் பிடி இறுகியது. “உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா? எடுக்கச் சொல்லி எப்பவாச்சும் கேட்டாளா?”

அப்போது எனக்கு ஐம்பத்தேழு வயது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக் கொடுத்தவள். தோழிகள் யாரும் வருவதாக இல்லை. என்னைத் தடுக்க ஒன்றுமே இல்லை.

“இல்லப்பா. ஒண்ணும் கேக்கல” என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்தார். முகம் கோணியது. முதலில் வலி என்று நினைத்தேன். அது கோபம். செத்துப்போன அம்மாமேல், அத்தனை வருடம் கழித்து, அவருக்குக் கோபம் வந்திருந்தது.

“ஒரு வார்த்த கேட்டிருந்தா அப்பவே பிடுங்கி எறிஞ்சிருப்பேனே. கட்டின புருஷன்கிட்ட கேக்க அவளுக்கு என்னா பயம்? என்னை என்னான்னு நெனச்சா அவ?”

அதற்கப்புறம் அவர் ஒன்பது நாள் இருந்தார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.